பெண்டன்ட் வந்து சேர்ந்தது

பாப்பா,

நான் விழுந்ததற்கு அப்புறம் நீ அனுப்பிய பொட்டலம் செவ்வாய்க்கிழமை வந்தது. கூரியர் பையன் கீழேயிருந்து போன் அடித்தான், நானே லிஃப்டில் இறங்கிப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன், அதுவும் கைத்தடி இல்லாமல். இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

பிரித்தால் ஒரு வெள்ளைப் பட்டன், ஒரு கயிறு, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் ஒரு சின்னப் புத்தகம். கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டுமாம், விழுந்தால் அழுத்த வேண்டுமாம், அழுத்தினால் கேஎல்லில் (கோலாலம்பூரில்) உன் போன் அலறுமாம். பெட்டி மேல் பெரிதாக, முதியவர்கள் இண்டிபெண்டண்டாக வாழ, என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறான். பொருளைவிட அந்தச் சொல்லைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சரிப்பா சரிப்பா என்று முடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். 30 வருஷத்துக்கு மேல் கோர்ட்டில் ஜுருபாசாவாக, அதாவது மொழிபெயர்ப்பாளனாக, இருந்தவனிடம் ஒரு சொல் மாட்டினால் லேசில் விடமாட்டான். உன் அம்மா இருந்திருந்தால் கோர்ட்டை வீட்டுக்குள் கொண்டு வராதீங்க என்று சொல்லியிருப்பாள்.

கயிற்றில் தொங்கும் அந்தப் பட்டனுக்கு பெண்டன்ட் என்று பெயர் இல்லையா? இண்டிபெண்டண்ட் என்ற சொல்லுக்குள்ளும் அதே பெண்டன்ட்தான் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் லத்தீனில் ஒரே வேர், தொங்குவது. டிபெண்டண்ட் என்றால் இன்னொன்றைப் பிடித்துத் தொங்குகிறவன். நாங்கள் கோர்ட்டில் தினமும் சொல்லும் பெண்டிங் கேஸ்கூட அந்தக் குடும்பம்தான், முடியாமல் தொங்கிக்கொண்டிருப்பது. ஆக, யாரையும் பிடித்துத் தொங்காமல் நான் வாழ்வதற்கு என் கழுத்தில் ஒன்று தொங்க வேண்டும். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் கோபமும் வந்தது.

போன மாதம் பிசியோதெரபிக்குப் போனேனே, அங்கே இருந்த பெண் உன்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள், ஒரு தாளை வைத்துக்கொண்டு ஆறு விஷயம் கேட்டாள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, ஒண்ணுக்கு ரெண்டுக்கு அடக்குவது, தானே சாப்பிடுவது. 6-க்கு 6. 'அங்கிள், நீங்க இண்டிபெண்டண்ட்' என்றாள், அவளே மெர்டேக்கா, அதாவது நாட்டுச் சுதந்திரம், கொடுத்த மாதிரி. நானும் உடனே உனக்கு வாட்ஸப்பில் போட்டேன், நீயும் கைதட்டுகிற படம் அனுப்பினாய். ஆனால் அந்த ஆறில் சமையல் இல்லை, பசாருக்குப் போவது இல்லை, பில் கட்டுவது, துணி துவைப்பது, நேரத்துக்கு மருந்து எடுப்பது எதுவும் இல்லை. அதற்கெல்லாம் எட்டு கேள்வி கொண்ட வேறொரு பட்டியல் இருக்கிறது. நல்லவேளை, அதை என்னிடம் நீட்டவில்லை, நீட்டியிருந்தால் மானம் போயிருக்கும். அந்த வாரம் எனக்கு மீன் வாங்கி வந்தது பக்கத்து வீட்டுச் சீனம்மா, போர்வையைப் பிழிந்து காயப்போட்டது அவள் மகன்.

நீ 19 வயதில் இங்கே பினாங்கில், சுங்கை நிபோங்கில் பஸ் ஏறியது ஞாபகம் இருக்கிறதா? பையை மேலே போட்டுவிட்டு ஜன்னல் வழியாகச் சொன்னாய், 'அப்பா, நான் இண்டிபெண்டண்டா இருக்கப் பழகணும், அடிக்கடி போன் பண்ணாதீங்க' என்று. பாலம் வரை ஸ்கூட்டரில் உன் பஸ் பின்னாலேயே வந்தேன், உனக்குத் தெரியாது. அந்தச் சொல்லைக் கேட்டால் பின்னாலேயே ஒரு கேள்வி வரும், யாரிடமிருந்து? அன்று எனக்குக் கிடைத்த பதில் 'உங்களிடமிருந்து' என்பதுதான். நீ அப்படிச் சொல்லவே இல்லை, தெரியும். ஆனால் காதில் விழுந்தது அதுதான்.

இந்தச் சொல்லோடு எனக்கு அதற்கு முன்பே தகராறு உண்டு. ஒரு வழக்கு. தோட்டத்தில் நடந்த அடிதடி, கூண்டில் ஒரு பால்மரம் வெட்டுகிற அம்மா. வக்கீல் கேட்கிறார், சம்பவத்தைப் பார்த்த இண்டிபெண்டண்ட் விட்னஸ் யாராவது உண்டா? நான் அப்போது புதிசு, சட்டப் புத்தகத்து மிடுக்கோடு 'சுயேச்சையான சாட்சி எவரேனும் உளரா' என்றேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். சரி என்று இறங்கி வந்து, 'ரெண்டு பக்கமும் சேராத ஆள் யாராச்சும் பார்த்தாங்களாம்மா' என்றேன். 'எங்க லயத்துல அப்படி யாருங்கய்யா இருக்கா? எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு முறையில சொந்தம்' என்றார். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

தமிழில் இதற்கு ஒரு சொல் கிடையாது, இடத்துக்கு இடம் ஒன்று. ஆங்கிலேயனுக்குத் தொங்குவது என்றால் நமக்குச் சாய்வது, சார்ந்திருப்பது, அதனால் கணக்குப் புத்தகத்தில் இண்டிபெண்டண்ட் வேரியபிள் என்பது சாரா மாறி. தேர்தல் என்றால் சுயேச்சை, தன் இச்சைப்படி நிற்பவன். என் பக்கத்து மேசையில் இருந்த யாழ்ப்பாணத்துக் கிளார்க் எதற்கெடுத்தாலும் சுயாதீனம் என்பார். விடுதலை இருக்கிறது, ஆனால் அதைச் சொன்னால் எங்கள் கோர்ட்டில் கேஸ் தள்ளுபடி ஆகிவிட்டது என்று கைதி கும்பிட ஆரம்பித்துவிடுவான்.

சுயேச்சை என்றதும் 2018 தேர்தல் ஞாபகம் வருகிறது. கேஎல்லில் பத்து (Batu) என்ற பெயருள்ள தொகுதியில் பெரிய கட்சி வேட்பாளரின் மனு தள்ளுபடியாகி, சுயேச்சையாக நின்ற பிரபாகரன் என்ற 22 வயதுப் பையனை அந்தக் கட்சியே ஆதரித்து, அவன் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போனான். நம்ம பையன் என்று நாங்கள் காப்பிக்கடையில் துள்ளினோம். அப்போது நாட்டிலேயே இளைய எம்பி, அப்புறம் அந்தக் கட்சியிலேயே சேர்ந்துகொண்டான். அவனைக் குறை சொல்லவில்லை. சாய ஒரு தோள் கிடைத்த சுயேச்சை ஜெயிக்கிறான், கிடைக்காதவன் எட்டில் ஒரு பங்கு ஓட்டுகூட வாங்காமல் டெபாசிட்டைப் பறிகொடுக்கிறான்.

உன் ஆடிட்டர் வேலை இதைவிட வேடிக்கை. வருஷா வருஷம் நீ அந்த ஃபாரத்தை நிரப்பும்போது, 'அப்பா, இந்தக் கம்பெனி ஷேர் வச்சிருக்கீங்களா, அந்தக் கம்பெனி ஷேர் வச்சிருக்கீங்களா' என்று போன் போடுவாயே, அப்போது நீதான் விளக்கினாய், ஆடிட்டர் மனசளவில் இண்டிபெண்டண்டாக இருந்தால் போதாது, வெளியிலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கும் அப்படித் தெரிய வேண்டும் என்று. கூட ஒன்று சொன்னாய், பெற்றவர் சும்மா பெற்றவராக இருந்தால் ஒரு விதி, உன் சம்பளத்தில் வாழ்கிற டிபெண்டண்டாக இருந்தால் இன்னும் கடுமையான விதி, புருஷனுக்குச் சமமாகிவிடுவார் என்று. நான் பென்ஷன் வாங்குகிறவன், உன் டிபெண்டண்ட் இல்லை என்று மார்தட்டினேன். இத்தனைக்கும் உங்களுக்குக் காசு கொடுப்பதே நீங்கள் தணிக்கை பண்ணுகிற அந்தக் கம்பெனிதான், இல்லையா? அதைக் கேட்டதும் நீ 'அப்பா, வேற பேசலாம்' என்றாய்.

மெர்டேக்காவும் இதே கதைதான். 1957 ஆகஸ்ட் 31-ல் முதல் பிரதமர் துங்கு ஏழு தடவை மெர்டேக்கா என்று முழங்கியபோது எனக்கு இரண்டு வயது. அந்தச் சொல்லே நம் பக்கத்திலிருந்து போனது, சமஸ்கிருத மகர்த்திக, பெரும் செல்வம் உடையவன். டச்சுக்காரன் காலத்து பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) அது விடுவிக்கப்பட்ட அடிமைகளுக்கு, மார்டைக்கர் என்று, பெயராகிவிட்டது, அதில் இந்தியக் கரையிலிருந்து பிடித்துப்போன ஆட்களும் இருந்தார்கள். செல்வந்தனுக்குச் சொன்ன சொல் எங்கே போய் இறங்கியது பார். நம்ம பினாங்கு மட்டும் லேசுப்பட்டதா? 1948-ல் மலாயாக் கூட்டரசிலிருந்து பிரிந்துபோக வேண்டும் என்று இங்கே ஒரு கமிட்டியே போட்டார்கள், எதற்கு, வெள்ளைக்காரனோடு சேர்ந்தே இருப்பதற்கு!

உன் தாத்தா இந்தியாவில் பிறந்தவர். நான் இங்கேயே, எதிர்க்கரை செபராங் பிறையில் பிறந்தவன், எனக்குத் தொல்லை இல்லை. அவருக்கு நாடு சுதந்திரம் வாங்கிப் பல வருஷம் ஆகியும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசிதான் (அடையாள அட்டை). 1969 கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கெடுபிடி வந்ததே, அப்போது எங்கள் லயத்திலேயே எத்தனை வீடு காலி. பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் நிற்கும், டிரங்குப் பெட்டிகளோடு ஆட்கள் ஏறுவார்கள், நான் தாத்தா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு 14 வயது. அடுத்த கப்பல் நமக்கோ என்று அவர் கேட்கவில்லை, என் தோளைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகிக்கொண்டே போனது. பின்னால் குடிமக்களுக்கான நீல ஐசி கிடைத்தபோது அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். குளிக்கப் போகும்போது சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, ஆணியையே பார்த்தபடி குளிப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆட்கள் வாயில் சுதந்திரம் என்ற சொல்லுக்கு இன்னொரு புழக்கம் உண்டு, நீ கேட்டிருப்பாய், கவனித்திருக்க மாட்டாய். ஸ்வ தந்திரம், தன் பாவு, தன் தறி என்று வேர் சொல்வார்கள், அது கிடக்கட்டும். ஊரில் அந்தக் காலத்தில் அறுவடை முடிந்து களத்துமேட்டில் நெல் குவித்ததும், ஊர் வேலை செய்தவர்களுக்கு அளந்து கொடுக்கிற பங்குக்குச் சுதந்திரம் என்றுதான் பெயர். பழைய வரிக் கணக்குகளில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். அடுத்தவன் களத்தில், அடுத்தவன் நெல்லில், எனக்குள்ள பங்கு! உன் அப்பாயியும் அந்த வாடையில்தான் பேசுவாள். 'அந்த வீட்டுல எனக்குச் சுதந்திரம் இருக்குடா' என்பாள். அர்த்தம், அங்கே போனால் யாரையும் கேட்காமல் அடுப்படிக்குள் நுழைவாள், சட்டி மூடியைத் திறந்து பார்ப்பாள், குழம்பில் உப்பு போதவில்லை என்றால் சத்தம் போடுவாள், அவர்களும் சிரிப்பார்கள். ஆங்கிலத்தில் யாரோடும் ஒட்டாமல் நிற்பதற்குச் சொல்கிற சொல்லை இவள் ஒட்டிப் பழகுவதற்குச் சொன்னாள். கோர்ட்டில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் அதை நான் ஒருநாளும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக முடிந்ததில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், போன தீபாவளிக்கு வந்தபோது நீ குளிர்பெட்டி முன்னால் நின்றுகொண்டு, 'அப்பா, இந்தத் தயிரை எடுத்துக்கலாமா?' என்று கேட்டாய். நான் 'எடுத்துக்கோம்மா' என்றேன், டிவியைப் பார்த்துக்கொண்டே. ராத்திரி தூக்கம் வரவில்லை. நீ பிறந்து தவழ்ந்த வீட்டில் எப்போதிலிருந்து அனுமதி கேட்க ஆரம்பித்தாய்? அப்புறம் யோசித்தால் நான் மட்டும் என்ன யோக்கியம்? உன் காண்டோவுக்கு வந்தபோது கார்டிடம் ஐசியைக் கொடுத்து விசிட்டர் கார்டு வாங்கினேன், சுடுதண்ணி சுவிட்ச் போடலாமா என்று மாப்பிள்ளையைக் கேட்டேன், வடிகட்டியைத் தேடிக் கிடைக்காமல் பையில் வரும் டீயைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னேன். அங்கே வந்துவிடுங்கள் என்று நீ சொல்லும்போதெல்லாம் நான் ஏன் நழுவுகிறேன் என்று இப்போது புரியும் என்று நினைக்கிறேன். நான் தனியாக இருக்க ஆசைப்பட்டு இங்கே கிடக்கவில்லை. இந்த ஆயர் ஈத்தாமில் பத்து வீட்டில் எனக்குச் சுதந்திரம் இருக்கிறது. சீனம்மா கதவைத் தட்டாமல் கூப்பிட்டுக்கொண்டே வருவாள், நான் அவள் வீட்டு ஏணியைக் கேட்காமல் எடுப்பேன் (இனிமேல் ஏற மாட்டேன், சத்தியம்). விழுந்த அன்றைக்கு என் முனகலைக் கேட்டதும் அவள்தான், பட்டன் இல்லை.

ஆனால் நீ பயந்திருக்கிறாய், அது நியாயம். அன்று நாலு மணி நேர ரயில் பயணத்தில் நீ அழுதுகொண்டே வந்ததாக மாப்பிள்ளை சொன்னார். அதனால் இப்படிச் செய்யலாம். பட்டனைக் குளிக்கப் போகும்போது மாட்டிக்கொள்கிறேன், மற்ற நேரம் அது காலண்டர் ஆணியில் தொங்கட்டும். குளியலறையில் இரும்புக் கைப்பிடி போட ஆள் வியாழக்கிழமை வருகிறான், 180 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறான். அதை நீ கொடு, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், போன தடவை நீ அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்பியது என் வீம்பு. பதிலுக்கு உன் வீட்டுச் சமையலறையில் எனக்கு ஒரு வடிகட்டி வாங்கி வை, சுடுதண்ணி சுவிட்ச் எது என்று மேலே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி வை. வருகிறேன், இருக்க இல்லை, வந்து போக.

பட்டனை ஒருமுறை சோதனைக்கு அழுத்திப் பார்க்க வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. ஞாயிறு காலை 9 மணிக்கு அழுத்துகிறேன். பதறாதே. எடுத்து, பசியாறிட்டீங்களா என்று கேள்.

அப்பா