விதையைத் தொடும் முன் தண்ணீரை அளந்து பார்

பழைய வண்ணாரப்பேட்டை,
ஐப்பசி மாதம்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். இரண்டு நாளாக விடாமல் மழை.

குடுவைச் செடி (நெப்பந்தஸ்) விதை வந்துவிட்டது, எந்த மண்ணில் போடுவது என்று கேட்டிருக்கிறாய். மண்ணைப் பிறகு பேசுவோம், முதலில் தண்ணீர். நம் பக்கத்தில் நெப்பந்தஸ் விதையைக் கெடுப்பது வெயிலைவிட உப்புதான். சத்தே இல்லாத மண்ணில் வளர்ந்து பழகிய செடி அது. வேர் கறுப்பு நூல் மாதிரி மெல்லியது, உப்பைத் தாங்காது. சத்து வேண்டித்தான் குடுவையில் பூச்சி பிடிக்கிறது.

கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கிறதே, அங்கே தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கும். ஒன்று வாங்கிவிடு. 50-க்குக் கீழே காட்டும் தண்ணீரை மட்டும் ஊற்று. திருவொற்றியூர் போர் தண்ணீரை நினைத்தே பார்க்காதே, கடல் உள்ளே ஏறிய நிலத்தடி நீர் அது. கடல்நீரைக் குடிநீராக்கி அனுப்புகிற தண்ணீர் குடிக்க நல்லதுதான், ஆனால் குடிநீருக்கு வேண்டிய தாது அதில் இருக்கும். கேன் தண்ணீரும் அப்படித்தான். வீட்டு ஆர்.ஓ. மெஷினில் கடைசியாகத் தாது சேர்க்கும் மினரல் கார்ட்ரிட்ஜ் இருந்தால் அதற்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து பிடி. 150 உள்ள தண்ணீரை ஊற்றி, அதில் பாதி ஆவியாகிவிட்டால் மிச்சம் 300 ஆகிவிடும். உப்பு ஆவியாகிப் போகாது, செடிக்கு அடியில் உள்ள தட்டிலேயே தங்கும். முதல் மாதம் பச்சையாக இருந்த நாற்று நாலாவது மாதம் இலை நுனி கருகி நிற்பது இதனால்தான்.

இப்போது பெய்கிற மழையே போதும். மணலி, எண்ணூர் பக்கத்துத் தூசி மாடியில் படிந்திருக்கும், அதனால் முதல் கால் மணி நேர மழையை ஓட விட்டுவிட்டு அப்புறம் பாத்திரம் வை. 20 லிட்டர் கேன் இரண்டு நிரப்பி, மூடி, வெளிச்சம் படாமல் வைத்தால் ஒரு பெட்டி நாற்றுக்குப் பல மாதம் வரும். ஏ.சி. பைப்பில் சொட்டுவதும் ஆகும், ஆனால் அளந்து பார்த்து ஊற்று. சர்வீஸ் செய்த முதல் வாரம் பிடிக்காதே, கழுவின மருந்து அதில் வரும்.

அடுத்து விதை. காகிதத்தில் கொட்டி லென்ஸ் வைத்துப் பார். நெப்பந்தஸ் விதை வைக்கோல் நிறத்தில் நூல் மாதிரி இருக்கும், இரண்டு பக்கமும் கூராக, நடுவில் மட்டும் லேசாகப் புடைத்து. அந்தப் புடைப்பில்தான் கரு இருக்கிறது. புடைப்பு இல்லாதது வெறும் சக்கை, முளைக்காது, பூஞ்சைக்கு இடம் கொடுக்கும், பொறுக்கி எறிந்துவிடு. கடுகு மாதிரி உருண்டையாக வந்திருந்தால் அது குடுவைச் செடி விதையே இல்லை. நீலக் குடுவை, வானவில் குடுவை என்று படம் போட்டு விற்பதெல்லாம் ஏமாற்று. இந்த விதைக்கு ஆயுள் குறைவு, வந்த வாரமே விதைத்துவிடு. முடியாவிட்டால் காகிதத்தில் மடித்து, ஜிப் கவரில் போட்டு ஃபிரிட்ஜில் காய்கறி தட்டில் வை. ஃப்ரீசரில் வேண்டாம்.

உன்னுடையது மிராபிலிஸ் இனம் என்று எழுதியிருக்கிறாய், நல்லது. தென் சீனாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை தாழ்நிலத்தில் பரவிய இனம், நம் சூட்டைத் தாங்கும். ஆம்புல்லாரியா, கிராசிலிஸ், ராஃப்லேசியானாவும் அப்படியே. போர்னியோவில் உயரமான மலைச்சரிவில் வளரும் ராஜா என்ற இனத்துக்கு ராத்திரி குளிர வேண்டும், நம் ஊர் சித்திரை ராத்திரியில் அது நிற்காது. இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே இனம் மேகாலயா மலையின் காசியானா. அழிவின் விளிம்பில் இருக்கிறது, சர்வதேச வணிகத்துக்குக் கடுமையான தடை உண்டு. காட்டிலிருந்து எடுத்தது என்று தெரிந்தால் யார் கொடுத்தாலும் வாங்காதே, கலா. இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சமாதானமே கிடையாது.

இப்போது மண். செம்மண், மண்புழு உரம், கடற்கரை மணல் எதுவும் கூடாது. காய்ந்த ஸ்பாக்னம் பாசியை ஊறவைத்து, கத்தரியால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கி, கழுவிய பெர்லைட்டுடன் (லேசான வெள்ளைக் கல் துகள்) சரிபாதியாகக் கலந்துகொள். பாசி விலை அதிகம் என்று கோகோபீட் (தென்னை நார்த்தூள்) போடுகிறாய் என்றால் கழுவுவதில் சோம்பல் காட்டாதே. மழைத்தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்துப் பிழி, பிழிந்ததை அளந்து பார். முதல் தடவை மீட்டர் பல நூறு காட்டினால் ஆச்சரியப்படாதே, தென்னை நாரில் இயல்பாகவே உப்பு இருக்கிறது. பிழிந்து வருவது ஊற்றின தண்ணீரைவிட 10, 20-க்கு மேல் கூடாத வரைக்கும் திரும்பத் திரும்பக் கழுவு.

மூடியோடு இருக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஸ்வீட் பெட்டி, 10 சென்டிமீட்டர் உயரம் போதும். அடியில் சூடான ஊசியால் எட்டு ஓட்டை போட்டு, கலவையை 4 சென்டிமீட்டர் பரப்பி, ஸ்பிரேயால் நன்றாக நனை. விதையை அதற்குப் பிறகு போடு. முன்னால் போட்டுவிட்டுத் தண்ணீர் அடித்தால் எல்லாம் மிதந்து ஒரு மூலையில் ஒட்டிக்கொள்ளும். பல்குச்சி நுனியை ஈரமாக்கி, ஒவ்வொன்றாக எடுத்து ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் மேலாக வைத்து லேசாக அழுத்து. புதைக்காதே, இதற்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். பெட்டியை ஒரு தட்டில் வைத்து அரை சென்டிமீட்டர் தண்ணீர் விட்டு மூடிவிடு.

ஜன்னல் வெயிலில் வைக்கவே கூடாது. மூடின பெட்டி பத்து நிமிஷத்தில் இட்லிக் குண்டான் ஆகிவிடும். 20 வாட் வெள்ளை எல்.இ.டி. டியூப்பை 20 சென்டிமீட்டர் மேலே கட்டி, தினம் 12 மணி நேரம் எரிய விடு. உள்ளே 25 முதல் 32 டிகிரி இருந்தால் சரி.

அப்புறம் காத்திருப்பதுதான். நாலிலிருந்து எட்டு வாரம் ஆகும், விதை பழசானால் இன்னும் கூட. முதலில் நடுப்புடைப்பு பச்சையாகும், பிறகு இரண்டு ஒல்லியான வித்திலைகள் விரியும். விதைத் தோல் நுனியில் தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், பிடித்து இழுக்காதே, வித்திலை அதோடு வந்துவிடும். அடுத்து வருகிற இலையிலேயே குடுவை வந்துவிடும், அதுதான் இந்தச் செடியின் அழகு. கேழ்வரகு அளவுதான் இருக்கும். லென்ஸில் பார்த்தால் மூடி, வாய், முன்பக்கம் இரண்டு சிறகு, சிறகின் ஓரத்தில் முடி, எல்லாம் முழுசாக இருக்கும்.

வெள்ளைப் பூஞ்சை வந்தால் அந்த விதையை இடுக்கியால் எடுத்து எறிந்துவிட்டு, தினம் பத்து நிமிஷம் மூடியைத் திறந்து வை. பரவினால் மட்டும் பூஞ்சை மருந்து, லேபிளில் சொன்னதில் பாதி அளவு. பச்சைப் பாசி படிந்தால் வெளிச்சமோ ஈரமோ அதிகம் என்று அர்த்தம், தட்டுத் தண்ணீரை வற்ற விடு. சின்னக் கறுப்பு ஈ சுற்றினால் மஞ்சள் ஒட்டு அட்டை வை, அதன் புழு இளம் வேரைத் தின்னும். உரம் வேண்டவே வேண்டாம். குடுவை அரை சென்டிமீட்டர் ஆன பிறகு, மீன் தீனித் தூள் ஒரு துணுக்கு, மாதம் ஒரு தடவை, ஒரே ஒரு குடுவையில். அதிகம் போட்டால் குடுவை அழுகும்.

மூடியை எடுப்பதில் அவசரம் காட்டாதே. உன் வீட்டுக் காற்றிலேயே உப்பு இருக்கிறது. மார்கழி கழிந்த பிறகு, முதல் வாரம் விரல் அகலம், அடுத்த வாரம் கால்வாசி என்று ஒரு மாதம் எடுத்துத் திற. திறந்ததும் புதுக் குடுவை வராமல் இலை மட்டும் வந்தால் ஈரப்பதம் பற்றவில்லை, திரும்ப மூடு. கத்திரி வெயில் வரும்போது பாதி மூடியே இருக்கட்டும். இலை விரிப்பு 2, 3 சென்டிமீட்டர் ஆன பிறகுதான் தனித் தொட்டி, அதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும். வேரைச் சுற்றின கலவையோடு ஸ்பூனால் அள்ளி மாற்று. ஆணா பெண்ணா என்பது பூத்தால்தான் தெரியும், அதனால் ஐந்தாறு நாற்றாவது காப்பாற்றி வை. இரண்டும் இருந்தால்தான் அடுத்த தடவை நம் வீட்டு விதையே கிடைக்கும்.

மழைத்தண்ணீர் பிடித்ததும் மீட்டர் என்ன காட்டுகிறது என்று எழுது. உன் ஆர்.ஓ. தண்ணீரையும் அளந்து இரண்டு எண்ணையும் சேர்த்தே அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை விதை ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
சாந்தி