டிராக்டர் லோனுக்கு ஜாமீன், எத்தனால் ஆலைக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெட்ரோல்ல கலக்கற எத்தனால் தயாரிக்கற ஆலைக்கு இத்தனை கோடி முதலீடுன்னு உங்க பேப்பர்ல படிக்கும்போதெல்லாம் எனக்கு டீசலுக்கு பதிலா எண்ணெய் எடுக்கலாம்னு நம்பி எங்கப்பா நட்ட காட்டாமணக்குதான் ஞாபகம் வருது. 2006ல எங்க ஊருக்கு ஒரு கம்பெனி ஏஜெண்ட் வந்தாரு, தண்ணி வேணாம் உரம் வேணாம் ஆடு மாடு வாய வைக்காது மூணாம் வருஷத்துலேர்ந்து காசுதான்னாரு, அப்பாவும் ரெண்டு ஏக்கர் மானாவாரில கடலைய விட்டுட்டு அத நட்டாரு. ஆடு மாடு வாய வைக்காதுங்கறது மட்டும் உண்மை! கடலை போட்டிருந்தா கொடியாச்சும் மாட்டுக்கு ஆயிருக்கும். தண்ணி இல்லாம செடி சரியா காய்க்கல, காய்ச்ச கொஞ்சத்த வாங்கவும் ஆள் வரல, ஏஜெண்ட் போன் ஸ்விட்ச் ஆஃப், கடைசில ஜேசிபி வெச்சு வேரோட பிடுங்கின செலவும் எங்க தலைலதான்.

2003ல திட்டக் கமிஷன் கமிட்டி நாடு முழுக்க 1 கோடி ஹெக்டேருக்கு மேல காட்டாமணக்கு கணக்கு போட்டுச்சு. தரிசுன்னு அவங்க எழுதின நிலம் ஆடு மேயற இடம், விறகு பொறுக்கற இடம்.

வெளிநாட்டு கம்பெனிங்க பண்ணதும் இதே கூத்துதான் (எங்க ஊருக்கு வந்தது இவங்க இல்ல). 2007ல பிபி எண்ணெய் கம்பெனி டி1 ஆயில்ஸ்ங்கற பயோடீசல் கம்பெனியோட சேந்து 10 லட்சம் ஹெக்டேர்ல காட்டாமணக்கு நடப்போறோம்னு அறிவிச்சாங்க, 2009லயே பிபி கைகழுவிட்டு போயிடுச்சு. அவங்களுக்கு நஷ்டம்னா பங்க வித்துட்டு கிளம்பிடலாம், நாங்க நிலத்த விட்டுட்டு எங்க போறது?

இப்ப எத்தனாலுக்காக மக்காச்சோளம் முறை. வெளிநாட்டுக்கு அனுப்பிட்டிருந்த நாடு 2024ல அத இறக்குமதி பண்ணுச்சு, நாமக்கல் கோழிப்பண்ணைக்காரங்க தீவன விலைய சொல்லி புலம்பினாங்க. ஆலை வாங்கற கடனுக்கு வட்டில 6% இல்லன்னா வட்டில பாதி, இதுல எது கம்மியோ அத 5 வருஷம் மத்திய அரசு கட்டற ஸ்கீம் 2018ல கரும்பு ஆலைங்களுக்கு வந்துச்சு, 2021ல தானிய ஆலைங்களுக்கும் வந்துச்சு, அதாவது நம்ம வரிப்பணம். சரி, நம்ம பணம் போகுதே நம்மள ஒரு வார்த்தை கேட்டாங்களான்னா, 2021ல வந்த ரூல்படி கழிவுநீர் வெளிய விடமாட்டோம்னு சொன்ன தானிய எத்தனால் ஆலைகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு கூட்டமே வேணாம்னு தளர்த்திட்டாங்க. பஞ்சாப்ல ஜீராங்கற ஊர் பக்கம் நிலத்தடி தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொல்லி ஜனங்க 2022 ஜூலைலேர்ந்து எத்தனால் ஆலை வாசல்ல உக்காந்தாங்க, மூடறோம்னு முதலமைச்சர் வாயிலேர்ந்து வர 2023 ஜனவரி ஆச்சு. அந்த மாதிரி ஆலைக்கு கடன் குடுத்தவங்கள, பங்கு போட்டவங்கள யாராச்சும் கேள்வி கேக்கறாங்களா?

ஒரு டிராக்டர் லோனுக்கு பட்டா, சிட்டா, அடங்கல், ஜாமீன்னு எங்கள ஆறு தடவ அலையவிடற பேங்க், ஆலைக்கு கடன் குடுக்கறதுக்கு முன்னாடி சுத்துப்பட்டு கிணத்து தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட்டும், ஆலை மூடினா இடத்த சுத்தம் பண்ண ஒரு டெபாசிட்டும், வாங்கறோம்னு சொன்ன விளைச்சல வாங்கலன்னா விவசாயிக்கு நஷ்டஈடு தர்றோம்னு முதல் போட்டவங்க கையெழுத்தும் வாங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு மானாவாரி விவசாயி,
திருவண்ணாமலை மாவட்டம்