ஜனவரித் தவணையை டிசம்பர் 15-க்குள் அனுப்புங்கள்

டெல்டா மாவட்டங்களில் கல்விக் கடன் வழங்கும் வங்கிகளின் மண்டல மேலாளர்களுக்கு,

வணக்கம்.

கல்விக் கடன் நடைமுறையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு வேண்டும். வயலைக் காட்டினால், கடன் நின்றுபோனால் ஈட்டுச் சொத்தை வழக்கில்லாமலே வங்கி எடுத்து விற்க வழி செய்யும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று தள்ளிவிடுகிறீர்கள். வீட்டைக் காட்டலாம் என்றால், இந்தப் பக்கம் பலருடைய வீடு கோயில் மனையிலோ மடத்து மனையிலோ இருக்கிறது, மனை எங்கள் பெயரில் இல்லாததால் ஈடாகக் காட்ட முடியாது. எங்கள் வீடும் அப்படித்தான். கடைசியில் மாமா தன் வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்ததால்தான் என் தங்கை அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் முதுகலை சேர முடிந்தது. கடன் கொடுத்தீர்கள், அந்த நன்றி எங்களுக்கு உண்டு.

கேட்பது ஒன்றுதான். ஜனவரியில் தொடங்கும் பருவத்துக்கு நீங்கள் தர வேண்டிய கடன் தவணையை டிசம்பர் 15-க்குள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

ஏன் அந்தத் தேதி என்றால், அதற்குப் பிறகு அங்கே கேட்க ஆள் கிடையாது. தங்கை படிக்கும் பல்கலைக்கழக அலுவலகம் கிறிஸ்துமஸுக்கு முன்பே பூட்டி, புத்தாண்டு கழிந்துதான் திறந்தது. கட்டண விவரம் டிசம்பர் தொடக்கத்திலேயே அவளுடைய மாணவர் கணக்கில் ஏறிவிட்டது. அன்றே அச்செடுத்துக் கிளையில் கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அலுவலகம் பூட்டிய பிறகு, அதில் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும் என்றார்கள். அங்கே யாரும் கட்டணச் சீட்டில் முத்திரை குத்துவதில்லை. அடுத்து, புதிதாக மாறுதலில் வந்த மேலாளர் மாமா வீட்டுக்கு மறுபடி வில்லங்கச் சான்று கேட்டார். பத்திரம் உங்கள் பெட்டகத்திலேயே இருக்கிறது. வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அதையும் எடுத்துக் கொடுத்தோம். பிறகு, எங்கள் கிளையில் அந்நியச் செலாவணி வசதி இல்லை, கோப்பு தஞ்சாவூர் போக வேண்டும் என்றார்கள். அதற்குள் பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் என்று மூன்று நாள் விடுமுறை.

இந்த நாட்களை அவள் எப்படிக் கழித்தாள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கூடத் தங்கியிருந்த பெண்கள் விடுமுறைக்குப் போய்விட்டார்கள். வளாகத்து உணவுக்கூடம் மூடிவிட்டது. மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும், வெளியே பனி. மாணவர்கள் பருவம் நடக்கும்போது வளாகத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், விடுமுறையில் முழு நேரமும் பார்க்க அனுமதி உண்டு. ஆனால் அவள் வேலை பார்த்த நூலகமும் சேர்த்துப் பூட்டியிருந்தது. கட்டணம் போகுமா போகாதா என்று தெரியாததால் கையிலிருந்த காசை எடுக்கவே பயந்தாள். கேஸ் பில் ஏறிவிடும் என்று ஹீட்டரைக் குறைத்து வைத்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட்டைக் கழற்றாமல் வீடியோவில் பேசினாள். அம்மா கேட்டதற்கு, "இப்பதாம்மா கடைக்குப் போயிட்டு வந்தேன்" என்றாள். பின்னால் அடுப்பில் சோறு மட்டும் இருந்தது.

இங்கே கிளை காலை 10 மணிக்குத் திறக்கும்போது அங்கே முந்தைய இரவு 11.30. நான் கவுண்ட்டர் முன்னால் நிற்கும்போதெல்லாம் அவள் தூங்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு என்ன சொன்னாங்கண்ணா?" என்பாள். நாளைக்கு வரச் சொன்னார்கள் என்பதைத் தவிர என்னிடம் சொல்ல எதுவும் இருந்ததில்லை.

பணம் கெடு தாண்டித்தான் போய்ச் சேர்ந்தது. தாமதக் கட்டணம் போட்டார்கள். பதிவு நிறுத்தப்பட்டிருந்த நாட்களில் அவள் எடுக்க நினைத்த பாடத்தில் இடம் தீர்ந்துவிட்டது. முழு நேர மாணவியாகப் பதிந்திருந்தால்தான் அவளுடைய எஃப்-1 என்ற மாணவர் விசா நிலை செல்லும். தாமதம் இன்னும் நீண்டிருந்தால் படிப்பையே விட்டுத் திரும்ப வேண்டியிருந்திருக்கும்.

நீங்களே கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள் என்று கிளையில் சொன்னார்கள். மார்கழியில் டெல்டாக்காரன் கையில் காசு ஏது? உரம், மருந்து, ஆள் கூலி என்று போட்டதெல்லாம் வயலில் நிற்கும். சம்பா அறுப்பு தை பிறந்துதான். அறுத்த நெல்லும் உடனே காசாகிவிடாது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். பெய்கிற மழையில் எங்கே கொண்டுபோய்க் காயவைப்பது? ரோட்டில் கொட்டி, தார்ப்பாய் போட்டு, ராத்திரி முழுக்கக் காவல் கிடக்கிறோம். எங்களுக்கு வர வேண்டிய பணம் எதுவும் வர வேண்டிய நேரத்தில் வந்ததில்லை. கொள்முதல் உங்கள் பொறுப்பில்லை என்று தெரியும், மன்னியுங்கள். ஆனால் இந்தத் தவணை உங்கள் பொறுப்பு. ஒப்புதல் கடிதத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தொகை இது. சலுகையாக எதையும் நாங்கள் கேட்கவில்லை.

மேட்டூர் அணையைத் திறக்க ஜூன் 12 என்று ஒரு தேதி இருக்கிறது. தள்ளிப்போகிற ஆண்டுகளிலும், அந்தத் தேதி இருப்பதால்தான் ஏன் திறக்கவில்லை என்று எங்களால் கேட்க முடிகிறது. வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளின் தவணைக்கும் அப்படி ஒரு தேதி வையுங்கள். டிசம்பர் 15.

ஆவணம் ஏதாவது குறைந்தால் நவம்பரிலேயே, ஒரே கடிதத்தில், எழுத்து மூலம் கேளுங்கள். மாணவர் கணக்கிலிருந்து எடுத்த கட்டணச் சீட்டை முத்திரை இல்லாமல் ஏற்றுக்கொள்ளக் கிளைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அடுத்த டிசம்பருக்கு முன் இதைச் செய்து தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பதில் எழுதினால் எங்கள் ஊரில் இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் காட்டுவேன்.

இப்படிக்கு,
நீடாமங்கலம் வட்டத்திலிருந்து, ஒரு மாணவியின் அண்ணன்