டைக்கோட ஓரத்தை வெட்டாம விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல பூமியோட வயசு பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவை படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து புவியியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் ஏதோ வீட்டுக்குள்ள உக்காந்து யோசிச்சே எல்லாத்தையும் கண்டுபிடிச்ச மாதிரி இருக்கு, அவர் கல்லைத் தேடி அலைஞ்சது ஒரு வரி கூட இல்ல. நான் தர்மபுரி பக்கம் பிளாக் கிரானைட் குவாரில பதினெட்டு வருஷம் சூப்பர்வைசரா இருந்தவன், அதனால எழுதாம இருக்க முடியல. டைக்னா பழைய பாறைய பிளந்துக்கிட்டு உருகின குழம்பா ஏறி ஆறின கல்செவுரு, அதைப் பத்தி கடைசில ஒரு கோரிக்கையும் இருக்கு.

அந்தக் காலத்துல ஜெர்மனில வெர்னர்ங்கற புவியியல் ஆசிரியர் சொன்னதுதான் எடுபட்டுச்சு, கிரானைட், பசால்ட் எல்லாமே ஆதிகாலக் கடல்தண்ணில படிஞ்சு உண்டானதுன்னு. ஹட்டன் மட்டும் இல்லவே இல்ல, உருகின குழம்பா கீழருந்து ஏறி வந்ததுன்னார். அப்படின்னா பழைய பாறைய அது பிளந்துக்கிட்டு நுழைஞ்ச இடம் எங்கயாவது இருக்கணுமில்ல? அதைத் தேடித்தான் 1785ல ஸ்காட்லாந்து மலைக்குள்ள கிளென் டில்ட் பள்ளத்தாக்குக்குப் போனார், அங்க ஆத்துப்படுகைல கருத்த பாறைக்குள்ள செவப்பு கிரானைட் நரம்பு நரம்பா ஓடிக்கிட்டிருக்கு, மனுஷன் சந்தோஷப்பட்டதைப் பாத்து வழிகாட்ட வந்தவங்க தங்கமோ வெள்ளியோ கிடைச்சிருச்சுன்னே நினைச்சாங்களாம். கூடப் போன ஜான் கிளெர்க் அதைப் படமா வரைஞ்சார், அந்தப் படங்க காணாமப் போயி 1968லதான் திரும்பக் கிடைச்சுது.

கட்டுரைல வராத இன்னொரு ஆள் ஹட்டனோட நண்பர் ஜேம்ஸ் ஹால், என்னைக் கேட்டா அவருக்குத் தனி கட்டுரையே போடணும். உருகின கல் ஆறுனா கண்ணாடியாத்தானே ஆகும், எப்படி கல்லாகும்னு எல்லாரும் ஹட்டனை மடக்கிக்கிட்டிருந்தாங்க. ஒரு கண்ணாடிப் பட்டறைல மெதுவா ஆறுன கண்ணாடி கல்லு மாதிரி மங்கிப்போனதைக் கேள்விப்பட்டு ஹால் இதைப் பிடிச்சார். ஆனா மலையோட வேலைய உலைல வெக்கற சின்ன மூசைக்குள்ள பாத்துச் சொல்ல முடியாதுங்கறது ஹட்டன் எண்ணம், அதுக்கு மரியாதை குடுத்து 1797ல அவர் சாகற வரைக்கும் காத்திருந்து, அப்புறமா எடின்பரோ பக்கத்துக் கருங்கல்லை இரும்பு உருக்கற உலைல போட்டு உருக்கினார். சட்டுனு ஆற விட்டது கண்ணாடி, மெல்ல மெல்ல ஆற விட்டது திரும்பவும் கல்லு! 1798ல அதை எடின்பரோ ராயல் சொசைட்டி அறிஞர் சபைல படிச்சார்.

இதைப் படிச்சப்போதான் எங்க குவாரி எனக்குப் புரிஞ்சுது. நாங்க பிளாக் கிரானைட்னு விக்கறது கிரானைட்டே இல்ல, டோலரைட்ங்கற வேற கருப்புக் கல்லு, வெளிறின பாறைக்குள்ள செவுரு மாதிரி நிக்கற டைக். நடுவுல வெட்டுன பிளாக்கை நனைச்சுப் பாத்தா பருக்கை பருக்கையா தெரியும், ஓரத்துக்குப் போகப் போக பருக்கை சின்னதாகி, கடைசி ரெண்டு விரக்கடை தேய்ச்ச அம்மிக்கல்லு மாதிரி மொழுக்குனு ஆயிடும், பக்கத்துக் குளிர்ந்த பாறைய ஒட்டினதால சீக்கிரம் ஆறிடுச்சு, அவ்ளோதான். வாங்கறவங்களுக்கு ஒரே கிரெயின் வேணும்ங்கறதால அந்த ஓரத்தை வேஸ்ட்டுனு நானே எத்தனை தடவை குப்பைல தள்ளச் சொல்லியிருக்கேன், இப்ப நினைச்சா மனசு கெடந்து தவிக்குது.

கண்ணுமுன்னாடி இருந்தாலும் சொல்லிக்குடுக்க சரியான ஆள் வேணும்ங்க. ஹால் செஞ்சு காட்டி கால் நூற்றாண்டுக்கு மேல ஆகியும், எடின்பரோவுல வெர்னர் கட்சிப் பேராசிரியர் ஜேம்சன் ஒரு டைக் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இது மேலருந்து மண்ணு நிரம்புன வெடிப்புன்னு பாடம் எடுத்தார், கேட்டுக்கிட்டிருந்த மாணவர் சார்லஸ் டார்வின், இனிமே புவியியல் பக்கமே போறதில்லன்னு அப்ப முடிவு பண்ணினதா பின்னால எழுதியிருக்கார்.

அதே ஊர்ல சாலிஸ்பரி கிராக்ஸ்ங்கற பாறைச் சரிவுல கல் எடுத்துக்கிட்டிருந்தப்போ ஒரு பாறைய மட்டும் விட்டுடுங்கன்னு ஹட்டன் கேட்டுக்கிட்டாராம், ஹட்டன் பாறைன்னு இன்னைக்கும் நிக்குது. நம்மகிட்டயும் சென்னை பரங்கிமலைல இருக்கற சார்னோகைட்ங்கற பாறைய தேசிய புவியியல் நினைவுச்சின்னமா வெச்சிருக்காங்க. அதே மாதிரி குவாரிக்கு லீஸ் குடுக்கறப்பவே டைக்கும் பக்கத்துப் பாறையும் ஒட்டற இடத்துல ஒரு பத்தடி வெட்டாம விடணும்னு கண்டிஷன் போடச் சொல்லி நீங்க எழுதணும், உங்க பத்திரிகை சொன்னா கேப்பாங்க.

நான் வேலை செஞ்ச குவாரில வேலைய நிறுத்திட்டாங்க, குழில பாதிக்கு மேல தண்ணி. மேற்குச் செவுத்துல ஆள் உயரத்துக்கு அந்த ஒட்டு இன்னும் தெரியுது, மழைக்கு முன்னாடி போட்டோ எடுக்க ஆள் அனுப்பினீங்கன்னா நானே கூட வந்து காட்டறேன்.

இப்படிக்கு,
பழைய குவாரி சூப்பர்வைசர், தர்மபுரி மாவட்டம்