கட்டடம் இருக்கிறது, ஆள் கொடுங்கள்

பள்ளிக் கல்விக்குப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், அதற்கு நிதி ஒதுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம். நான் தர்மபுரி மாவட்டத்தில் மலையோரக் கிராமம் ஒன்றின் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. இந்த வேலைக்கு வந்து 17 வருடம் ஆகிறது.

போன வாரம் எட்டாம் வகுப்பில், மாலை மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், எல்லோரையும் தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைக்கச் சொன்னேன். பையன்களுடைய பாட்டில்கள் காலி. 11 பெண்களில் 8 பேருடையதில் கழுத்து வரை தண்ணீர். காலையில் வீட்டில் நிரப்பியது அப்படியே இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. என் கைப்பையில் இருந்த பாட்டிலும் முக்கால்வாசி நிறைந்துதான் இருந்தது.

பிள்ளைகள் தண்ணீர் குடிக்க இடையிடையே மணி அடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது சந்தோஷப்பட்டேன். நல்ல உத்தரவு. மணியும் அடிக்கிறோம். ஆனால் குடித்தால் போகவேண்டும். போக இடம் வேண்டும்.

எங்கள் பள்ளியில் கழிப்பறை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இருக்கிறது. டைல்ஸ் ஒட்டி, கதவில் பெண் படம் வரைந்து, பெண்களுக்கென்று இரண்டு அறை இருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு மோட்டார் எரிந்துபோனதால் மேல்தொட்டியில் தண்ணீர் ஏறுவதில்லை. துப்புரவுக்கு வரும் அக்கா காலையில் ஒரு மணி நேரம் வருகிறார், அப்புறம் அடுத்த பள்ளிக்கு ஓடுகிறார். அவர் கூலி மாதாமாதம் கைக்கு வருவதில்லை. நான்கு மாதத்துக்குச் சேர்த்து ஒரு தடவை வந்ததும் உண்டு. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மதியம் 12 மணிக்கு மேல் அந்த இரண்டு அறைக்குள் யாராலும் நுழைய முடியாது. பிள்ளைகளைக் கழுவச் சொல்வது குற்றம். அப்படிச் சொன்னால் அந்த வேலை எந்தத் தெருப் பிள்ளையின் தலையில் விழும் என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் நானும் இன்னொரு டீச்சரும் வெள்ளிக்கிழமை பள்ளி விட்டபின் அடிபம்பிலிருந்து தண்ணீர் சுமந்து கழுவுகிறோம். வாரத்தில் ஒரு நாள் கழுவினால் போதுமா?

பணக் கணக்கையும் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் 94 பிள்ளைகள். ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து பள்ளிகளுக்குப் பணம் தரும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் விதிப்படி 31 முதல் 100 பேர் வரை படிக்கும் பள்ளிக்கு வருடத்துக்கு 25,000 ரூபாய் பள்ளி மானியம். சாக்பீஸ், பதிவேடு, சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் அதில்தான். அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்கு என்று விதி. 2,500 ரூபாய். பள்ளி நடக்கும் பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 250. பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் துடைப்பமும் வாங்கினால் தீர்ந்தது, மோட்டாருக்கு எங்கே போவது? இந்தத் திட்டத்துக்கு ஒன்றிய அரசிடமிருந்து வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் நின்றுபோனதும், அதற்காக மாநில அரசு 2025-ல் உச்ச நீதிமன்றம் போனதும் செய்தித்தாளில் படித்தவைதான். யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் பார்க்கட்டும். அந்த வழக்கு முடியும்வரை பிள்ளைகளால் அடக்கிக்கொண்டிருக்க முடியாது.

புதுயுகம் திட்டத்தில் கொடுக்கும் நாப்கினைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் திட்டத்தை நான் மதிக்கிறேன். எங்கள் காலத்தில் பழைய புடவையைக் கிழித்துத்தான் வைத்துக்கொண்டோம். இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், ஒரு பாக்கெட்டில் ஆறு. ஒரு மாதவிடாய்க்கு ஒன்பது என்று கணக்கு வருகிறது. நான்கைந்து நாளைக்கு அது பத்தாது என்பது எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அந்த ஒன்பதும் தவறாமல் வந்தால் சரி, மீதியை நாங்கள் சமாளித்துக்கொள்வோம். ஆனால் மாற்றுவதற்குத் தாழ்ப்பாள் உள்ள அறையும், மாற்றியதைப் போட ஒரு மூடி போட்ட டப்பாவும், அதை எடுத்துப்போக ஓர் ஆளும் இல்லாத இடத்தில் பாக்கெட்டை மட்டும் கையில் கொடுத்து என்ன செய்ய? முதல் நாளிலேயே, "டீச்சர், வயிறு வலிக்குது, ஊட்டுக்குப் போறேன்" என்று வந்து நிற்பார்கள். நான்கு நாள் வரமாட்டார்கள். அந்த நான்கு நாளில் நடத்திய கணக்கு அவர்களுக்குக் கடைசிவரை பிடிபடாது. அதற்கப்புறம், "பொம்பளப் புள்ளைக்குப் படிப்பு ஏறல" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

பெரிய ஓட்டை எட்டாம் வகுப்பு முடிகிற இடத்தில் இருக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வயது வரைக்கும்தான். எங்கள் ஊரில் பள்ளியும் எட்டோடு முடிகிறது. உயர்நிலைப் பள்ளி 7 கிலோமீட்டர் தள்ளி. காலை ஒரு பஸ், மாலை ஒரு பஸ். விடியல் பயணத்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது பெரிய உதவி. ஆனால் பள்ளி நாலரைக்கு முடிகிறது, பஸ் ஆறரைக்கு. அந்த இரண்டு மணி நேரம் 14 வயதுப் பெண் பஸ் நிறுத்தத்தில் என்ன செய்வாள்? பக்கத்திலேயே மதுக்கடை. இருட்டியபின் ஊருக்குள் வந்து இறங்குவாள். நான்கு நாள் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் அப்பா நிறுத்திவிடுவார். அவரைக் கொடுமைக்காரர் என்று நினைக்காதீர்கள். பயந்துபோன மனிதர், அவ்வளவுதான்.

விலையில்லா மிதிவண்டி பதினொன்றாம் வகுப்பில் தருகிறீர்கள். எங்கள் பெண்களில் பாதிப் பேர் பதினொன்றுக்குப் போய்ச் சேருவதே இல்லை. பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு மிதிவண்டி கொடுத்தார்கள். சேர்க்கை நன்றாகவே கூடியது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மிதிவண்டியை இரண்டு வருடம் முன்னால் நகர்த்தினால் போதும். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் கல்லூரி வாசலில் காத்திருக்கிறது. அந்த வாசல் வரைக்கும் அவள் நடந்துவர வேண்டுமே.

படிப்பு நின்ற பெண்ணுக்கு வீட்டில் அடுத்த பேச்சு கல்யாணம்தான். தமிழ்நாட்டில் 20-24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எனக்கு அது முகங்களாகத்தான் தெரிகிறது. மூன்று வருடம் முன்பு என்னிடம் படித்த ஒரு பெண். காந்தத்தின் துருவங்களை அவளைப்போலத் தெளிவாகப் படம் போட்டவர்கள் யாரும் இல்லை. பத்திரிகை அடித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிட்டேன். வந்தார்கள், விசாரித்தார்கள், பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். ரகசியமாக இருக்க வேண்டிய என் பெயர் அன்று சாயந்திரமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு மாதம் என் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்ப யோசித்தார்கள். பக்கத்துப் பஞ்சாயத்துக் கோயிலில் கல்யாணம் சத்தமில்லாமல் முடிந்தது. எமிஸ் என்ற மாணவர் இணையப் பதிவேட்டில் அவள் பெயர், எந்தப் பள்ளியிலும் சேராதவர்கள் இருக்கும் காமன் பூல் பட்டியலுக்குப் போய் அப்படியே கிடந்தது. இப்போது சந்தையில் குழந்தையோடு பார்க்கிறேன், "நல்லா இருக்கீங்களா டீச்சர்" என்று அவள்தான் முதலில் கேட்கிறாள்.

இதையெல்லாம் கவனிக்க நேரம் வேண்டும். கணக்கு ஆசிரியர் இடம் காலி, அதையும் நான்தான் எடுக்கிறேன். நடுநிலைப் பள்ளிக்கு எழுத்தர் கிடையாது, தலைமையாசிரியர்தான் எழுத்தரும். எங்கள் மலைச்சரிவில் சிக்னல் இல்லை. புளியமரத்தடியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் இரண்டு கோடு வரும். காலை வருகைப்பதிவு போட அங்கே போனால் திரும்பிவர முதல் பாடவேளையில் பாதி போய்விடுகிறது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது. போனில் ஏற்றச் சொல்லும் படிவங்கள் எந்தப் பிரிவில் வரும்?

2022-ல் காலியிடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் எடுக்க அனுமதித்தீர்கள். பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய். எங்களுக்கு வந்தவள் இதே ஊர்ப் பெண், இதே பள்ளியில் படித்தவள், அவள் வீட்டில் முதல் பட்டதாரி. அவள் சேலை கட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்த அன்று ஆறாம் வகுப்புப் பெண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் மறக்கவே மாட்டேன். அந்த வருடம் எட்டு முடித்த பெண்கள் ஒருவர் விடாமல் ஒன்பதில் சேர்ந்தார்கள். அவளே வீடு வீடாகப் போய்ப் பேசினாள். ஏப்ரலோடு அவளுக்கு வேலை முடிந்தது. ஜூன் போய் ஆகஸ்ட் வரை மறுபடி அழைப்பு வரவில்லை. இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள்.

நான் கேட்பது ஆட்களை. முழுநேரத் துப்புரவுப் பணியாளர் ஒருவர், அவருக்கு முதல் தேதியில் சம்பளம். கணக்குக்கு ஒரு நிரந்தர ஆசிரியர். பக்கத்து நான்கு பள்ளிக்குச் சேர்த்தாவது ஓர் எழுத்தர். 1098-க்குக் கூப்பிட்டவர் பெயரை வெளியே சொல்கிறவர்மேல் நடவடிக்கை. புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் முன் இவற்றைப் பாருங்கள்.

இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கும் 11 பெண்களுக்கும் மே மாதம் மாற்றுச் சான்றிதழ் எழுதவேண்டும். ஜூனில் அவர்கள் ஒன்பதில் உட்காரவேண்டும். மாலை பஸ்ஸை ஐந்து மணிக்கு மாற்றப் பணம் ஏதும் தேவையில்லை, ஒரு கையெழுத்து போதும். அதையாவது ஜூனுக்குள் செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
தர்மபுரி மாவட்டம்