தூணை விற்கும் முன் வீட்டை முழுதாகப் படம் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு வீடுகள் பிரித்து விற்கப்படுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவரின் ஆதங்கம் எனக்கும் உண்டு. கூடவே அச்சாகியிருந்த படத்தைப் பார்த்ததும் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. படத்தில் நிலைவாசலும் அதன் மேலே இரண்டு சுதைப் பொம்மைகளும் இருந்தன. இரு பக்கமும் நீளும் சுவர், ஜன்னல் வரிசை, மாடத்துக் கைப்பிடி எதுவும் இல்லை. படம் எடுத்தவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பகுதி வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் கொல்லைக்கதவும் வைத்துக் கட்டியவை. எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் முழு முகப்பு ஒரு படத்துக்குள் அடங்காது. உள்ளே வளவு, அதாவது முற்றமும் அதைச் சுற்றிய தூண் வரிசையும், இன்னும் சிரமம்.

நான் பள்ளத்தூர்க்காரி, கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அதன் பிறகு, பல படங்களை ஒட்டி ஒரே பெரிய படமாக்கும் வேலையைக் கற்றுக்கொண்டு எங்கள் வீட்டையும், கேட்டுக்கொண்ட சொந்தக்காரர்கள் வீடுகளையும் எடுத்து வைத்திருக்கிறேன். எந்த வீட்டைப் பிரிப்பதானாலும் முதலில் அதை இப்படி முழுதாக எடுத்து வைக்க வேண்டும். அதை நம் ஊர் ஆட்களே செய்ய முடியும்.

போனிலேயே பனோரமா இருக்கிறதே என்பார்கள். ஊர்வலத்துக்கும் கண்மாய்க்கும் அது போதும். வீட்டு முகப்பை அதில் எடுத்தால் நேராக ஓடும் தாழ்வாரம் வில்லாக வளைந்துவிடும்; படத்தை உருளையின் மேல் சுற்றியது போலக் கணக்கிடுவதால் வரும் வளைவு அது. தனித்தனியாக எடுத்துக் கணினியில் ஒட்டினால் எந்தக் கணக்கில் விரிக்க வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். நேர்கோட்டை நேர்கோடாகவே வைக்கும் முறையும் அதில் உண்டு. மிக அகலமாக விரித்தால் ஓரங்கள் இழுபடும் என்பதால் நீண்ட முகப்புக்கு வேறு வழி: கேமராவைச் சுவருக்கு நேராக வைத்தபடி தெருவோரமாகவே நகர்ந்து நகர்ந்து எடுப்பது. சுவர் தட்டையாக இருப்பதால் இது சரிவரும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தூணும் திண்ணையும் மட்டும் இடத்துக்கு இடம் விலகிக் காட்டும்; ஒட்டுக்கோடு அவற்றின் குறுக்கே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வளவுக்குள் இந்த நகரும் முறை உதவாது. கிட்டே ஒரு தூண், எட்டத்தில் ஒரு தூண், அதற்குப் பின்னால் அறை வாசல் என்று அடுக்கடுக்காக இருக்கும் இடம் அது. ஒரே இடத்தில் நின்று சுற்றித்தான் எடுக்க வேண்டும், அதுவும் ஒளி நுழைகிறதாகத் தெரியும் லென்ஸின் புள்ளியை அச்சாக வைத்து. கேமராவின் அடியில் ஸ்டாண்டு பூட்டும் திருகு அந்தப் புள்ளிக்கு நேர் கீழே இருப்பதில்லை. அதனால் கேமராவைக் கொஞ்சம் பின்னே தள்ளிப் பூட்டும் சட்டம் வேண்டும். காரைக்குடியில் ஒரு லேத் பட்டறையில் இரும்புப் பட்டையில் அடித்துக் கொடுத்தார்கள். சரியாக அமைந்ததா என்று பார்ப்பது எளிது. கிட்டத் தூணின் விளிம்பையும் எட்டத் தூணின் விளிம்பையும் ஒரே கோட்டில் நிறுத்திக் கேமராவை இடமும் வலமும் திருப்ப வேண்டும். இரண்டும் பிரியாமல் இருந்தால் சரி.

ஒவ்வொரு படமும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கையாவது தன்னுள் கொண்டிருக்க வேண்டும். வெளிச்சம், நிறம், ஃபோகஸ் மூன்றையும் ஒரே அளவில் பூட்டிவிட வேண்டும். தானியங்கியில் விட்டால் வெயில் விழும் முற்றம் ஒரு நிறம், இருண்ட பட்டாலைக் கூடம் ஒரு நிறம் என்று ஒட்டிய படத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். நான் பயன்படுத்துவது ஹ்யூகின் என்ற இலவச மென்பொருள். ஜெர்மனிப் பேராசிரியர் ஹெல்முட் டெர்ஷ் 1990களின் கடைசியில் எழுதிய பனோரமா டூல்ஸின் மேல் கட்டியது. யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. மென்பொருள் இரண்டு படங்களிலும் ஒரே மாதிரியான மூலைகளையும் புள்ளிகளையும் தேடிப் பொருத்துகிறது. தரை முழுக்க ஒரே பூ. இந்தப் படத்தில் மூன்றாவது வரிசைப் பூவை அந்தப் படத்தில் நான்காவது வரிசைப் பூவோடு அது சேர்த்துவிடும். ஒட்டிய படம் பளிச்சென்று ஒரு பிசிறில்லாமல் இருக்கும்; ஒரு வரிசைக் கல் மட்டும் காணாமல் போயிருக்கும். அழகுக்கு எடுக்கிறவருக்கு இதனால் நட்டமில்லை. ஆவணமாக வைக்க எடுத்தால் அது பொய்ப் படம். அதனால் தரை வரும் படங்களில் நானே கையால் புள்ளி வைக்கிறேன். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல, கண்ணாடியின் மேல் கையால் வண்ணம் ஊற்றிச் செய்து தண்ணீரில் ஊறவைத்தது. உற்றுப் பார்த்தால் ஓரிடத்தில் சிவப்பு பச்சைக்குள் வழிந்திருக்கும், ஓரிடத்தில் இதழ் தடித்திருக்கும். மனிதக் கண்ணுக்கு அந்த வேறுபாடு போதும். ஒரு தட்டையான பரப்பை இன்னொன்றின் மேல் சரியாகப் பொருத்த நான்கு புள்ளிகள் இருந்தால் போதும், அவற்றில் எந்த மூன்றும் ஒரே கோட்டில் இருக்கக் கூடாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைத் தரையில் உட்கார்ந்து காட்டினால் ஆயத்தொலை வடிவியல் எதற்கு என்று கேட்க மாட்டார்கள். வேலை முடிந்ததும் படத்தில் தூண்களையும் கல் வரிசைகளையும் எண்ணி, வீட்டிலும் எண்ணிச் சரிபார்ப்பதை நான் விடுவதில்லை.

இதெல்லாம் வெளிநாட்டு வித்தை, நமக்குப் புதிது என்று சிலர் நினைக்கிறார்கள். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லினேயஸ் டிரைப் 1858லேயே தஞ்சைப் பெருவுடையார் கோவில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளைச் சுவரை ஒட்டி நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளப் படமாக ஆக்கினார். அதே ஆண்டு புதுக்கோட்டையையும் மதுரையையும் படம் எடுத்தவர் அவர். கணினி இல்லாத காலத்தில் கல்வெட்டுக்காகச் செய்த அந்த வேலையை, கையில் கணினி இருக்கும் நாம் நம் வீடுகளுக்காகச் செய்யாமல் இருக்கிறோம். செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் பெயர் இருப்பதால் ஒரு பர்மா தேக்குத் தூண்கூட நிற்கப்போவதில்லை. காரைக்குடியில் பழம்பொருள் கடைகளுக்குள் போனால் எந்த ஊர், எந்த வீடு என்று தெரியாத நிலைகளும் தூண்களும் சுவரில் சாய்ந்து கிடக்கின்றன. அவை நின்றிருந்த வளவின் முழுப் படம் ஒன்று இருந்தால், எந்தத் தூண் எங்கே நின்றது என்றாவது பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும்.

விற்பவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒரு வீட்டுக்குப் பத்து இருபது புள்ளி, அதாவது குடும்பம், பங்கு. ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில். மழைக்கு ஒழுகும் கூரை ஓடுகளை மாற்ற எல்லோரும் சம்மதிப்பதற்குள் உத்தரமே இற்றுவிடுகிறது.

படம் எடுக்கத் தயங்குகிறவர்களின் பயத்திலும் நியாயம் உண்டு. “படத்தை எல்லாரும் பாக்குறாப்புல போட்டா களவாணிக்கு வழி காட்டினதாயிராதா டீச்சர்?” என்று ஓர் ஆச்சி கேட்டார். வருஷத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடு அவருடையது. அவர் வீட்டுப் படங்களைப் பங்காளிகளுக்கு மட்டும் கொடுத்தேன். ஊர்ப் பெயரும் பூட்டுகளும் தெரியும் படங்கள் வேறு யாருக்கும் போகவில்லை. யார் எடுத்தாலும் இந்த ஒழுங்கு வேண்டும். ஒட்டிய படத்தோடு ஒட்டாத மூலப் படங்களையும், எடுத்த தேதி, நின்ற இடம், அளவுக்காகப் படத்துக்குள் வைத்த டேப் இவற்றின் குறிப்பையும் சேர்த்து வைப்பது முக்கியம். நாளை இதைவிட நல்ல மென்பொருள் வந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

கல்யாணம், காதுகுத்து எடுக்கும் நம் பகுதி ஸ்டூடியோத் தம்பிமார்களிடம் நல்ல கேமராக்கள் இருக்கின்றன. முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அவை சும்மா இருக்கின்றன. அழகப்பா பல்கலைக்கழகம் அவர்களுக்கு இதில் ஒரு குறுகிய பயிற்சி வைக்கலாம். வீட்டை இடிக்க அனுமதி கேட்டு வருகிறவர்களிடம் முகப்பு, வளவு, அதற்குப் பின்னால் வரும் இரண்டாங்கட்டு மூன்றின் முழுப் படங்களையும் உள்ளாட்சி அலுவலகங்கள் கேட்டு வாங்கலாம். நூல்களையும் சுவடிகளையும் மின்னூலகத்தில் சேர்க்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம், உரிமையாளர் சம்மதித்த வீடுகளுக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும்.

முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குப் பங்காளிகள் எல்லோரும் ஊருக்கு வரும்போது வீடு கழுவிச் சுத்தமாக இருக்கும், அறைகளின் சாவிகளும் ஒரே இடத்தில் இருக்கும். அதற்கு முந்தின நாள் காலையில் கூப்பிட்டால் பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர்ப் பக்கம் நானே ஸ்டாண்டோடு வருகிறேன். கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகளையும் அன்றைக்கு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை,
பள்ளத்தூர்