தம்பிக்கு ஒரு ஷூ

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மேட்டூரில் ஜூன் 12ல் திறந்த தண்ணீர் ஒருவழியாக நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டது. அம்மா பூவும் மஞ்சளும் போட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

போனில் பேசினால் தம்பி பக்கத்திலேயே நிற்கிறான், அதனால்தான் கடிதம். இரண்டு மாதமாக அவன் காலையில் நடைக்குப் போய்வருகிறான். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வரும் மனநல டாக்டர் அவன் எடையைப் பார்த்தார், 94 கிலோ. மனச்சிதைவு நோய்க்கு அவன் சாப்பிடும் ஓலன்சபின் மாத்திரை, காதில் கேட்ட அந்தக் குரல்களை அடக்கியது, பசியைக் கிளப்பிவிட்டது. சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது. "இந்த நோய் உள்ளவங்க மத்தவங்களைவிடப் பத்து, இருபது வருஷம் முன்னாடியே போயிடுறாங்க. முக்கியமா இதயந்தான்" என்றார். அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள்.

அங்கே மாத்திரை வாங்க வரும் குடும்பங்கள் சேர்ந்துதான் இந்த நடையை ஆரம்பித்தோம். எட்டுப் பேர். ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் ஒருவர் விசில் ஊதாமல் நடத்துகிறார் (தம்பிக்குச் சத்தம் ஆகாது, உனக்குத் தெரியுமே). குடமுருட்டிக் கரையில் அரைமணி, வாரம் ஐந்து நாள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிஷம் அதில் வந்துவிடும். வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும், இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சூடு தாங்காதாம். காலையில் எழ முடியவேண்டுமே என்று ராத்திரி மாத்திரையையும் டாக்டர் எட்டு மணிக்கு மாற்றினார்.

முதல் நாள் படித்துறையோடு உட்கார்ந்துவிட்டான். நான் திட்ட வாயெடுத்தேன். வாத்தியார் பேசாமல் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுநாளும் அப்படியே. நாலாம் நாள் தம்பியே எழுந்து, "போலாமா சார்?" என்றான். எத்தனை வருஷம் அவனைச் சோம்பேறி என்று ஏசியிருக்கிறேன்! எதிலும் மனசு எழும்பாததும் அந்த நோய்தான் என்பது இப்போதுதான் விளங்குகிறது. மனநோய் தீர வேண்டி குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கியபோதும் அதே ஏச்சுதானே.

எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. அம்மாவின் கை தாராளம் அப்படி. அவளிடம் யார் சொல்வது? ஆனால் திரும்பும்போது கூட நடக்கிற பையனோடு டீக்கடையில் நிற்கிறான். 11 வருஷத்தில் அவனுக்கு ஒரு சிநேகிதன்.

இனி மாத்திரையை நிறுத்தலாமா என்று உன் மாமியார் கேட்டார்களாமே. கூடவே கூடாது. நடை அதுபாட்டுக்கு, மாத்திரை அதுபாட்டுக்கு.

நீ போன் செய்தால் "மாத்திரை போட்டியா?" என்று ஆரம்பிக்காதே. அதைக் கேட்க நான் இருக்கிறேன். இன்றைக்கு எதுவரைக்கும் போனான் என்று கேள். வரும்போது அவனுக்கு ஷூ வாங்கி வா. ஒன்பதாம் நம்பர், அகலமாக. லேஸ் வேண்டாம், கை நடுங்குகிறது. ஒட்டுகிற பட்டி வைத்ததாகப் பார்.

அன்புடன்,
அப்பா